பதினேழாம் நம்பரின் இடுப்பளவு

மரங்களுக்கு இடுப்பளவு எடுப்பதும் ஓர் உத்தியோகம்தான்.

அதில் என்னோடு நாடா பிடித்த காசிம் நானாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். என் மனைவி இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பதினேழு எப்பிடி இருக்கான், தம்பி?" என்றார்.

பதினேழு ஒரு வேங்கை மரம். இலங்கையில் லக்கலப் பக்கத்துப் புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்ற மரங்களுக்கு வன இலாகாவினர் தகரத்தில் நம்பர் அடித்திருந்தார்கள். மாதம் ஒருமுறை நானா நாடாவை நெஞ்சு உயரத்தில் சுற்றி அளவைச் சொல்வார். நான் கொப்பியில் எழுதுவேன். அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது; தற்காலிக வேலை. நிரந்தரமானால் குவாட்டர்ஸ் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்து லய அறையிலிருந்து மனைவியைக் கூட்டி வரலாம். மேலதிகாரிக்குக் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

தையற்காரர்கள்

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. புல் சருகாகி, மரங்கள் ஓர் இலை மிச்சமில்லாமல் நின்றன. காட்டுச் சேனைப் பயிருக்குப் போன கிழவர் ஒருவர் நாங்கள் நாடா சுற்றுவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "அம்மணமா நிக்குதுன்னு அளவு எடுக்கிறீங்க, சரி. சட்டையை எப்ப தச்சுக் குடுப்பீங்க, மாத்தயா?"

மெலிந்த மரங்கள்

வறட்சி நீள நீள நாடா காட்டிய அளவு குறைந்தது. பதினேழு கால் அங்குலம் மெலிந்துவிட்டது. நானா சொன்னதை அப்படியே எழுதினேன். எங்கள் இரண்டு பேரையும் இலாகாக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள்.

"மரம் வளரும், இல்லாட்டி நிக்கும். மெலியுமா? தேத்தண்ணிக் கடையில குந்தியிருந்து எழுதினீரா?" என்று அதிகாரி கொப்பியை மேசையில் போட்டார். நானா தன் இடுப்பு வாரைத் தொட்டுக் காட்டினார்: "நோன்பு மாசத்துல எனக்கே ரெண்டு ஓட்டை உள்ள போகுது சேர். அவன் ஆறு மாசமா நோன்பு!"

பொய்க் கணக்கு

அடுத்த மாதம் பயத்தில் ஒரு வேலை செய்தேன். நானா சொன்ன அளவை விட்டுவிட்டு, மழைக்காலத்து அளவையே எல்லா மரத்துக்கும் எழுதினேன். யாரும் கோபிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அதிகாரியே நாடாவோடு வந்து நின்றார்.

பதினேழை மூன்று தரம் அளந்தார். மரம் மெலிந்துதான் இருந்தது. என் கொப்பியில் அது கொழுகொழுவென்று இருந்தது. குவாட்டர்ஸ் போயிற்று என்று நான் மரத்தோடு மரமாக நின்றேன்.

"நெசத்தை எழுதினப்ப பொய்யின்னீங்க சேர். அதான் பாவம் பொய்யை எழுதிட்டாரு" என்றார் நானா. அதிகாரி பழைய பக்கங்களைப் புரட்டினார். கால் அங்குலம் குறைத்து நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "இனி நாடாவை நீர் பிடியும். அவர் எழுதட்டும்."

செத்தவர்கள்

ஐப்பசியில் மழை விழுந்தது. ஒரு மாதத்தில் புல் முழங்காலுக்கு வந்தது. வறட்சியில் 'செத்தது' என்று நான் கொப்பியில் கோடு கிழித்திருந்த கன்றுகள் வேரிலிருந்து துளிர்த்தன. பதினேழு தண்ணீர் குடித்துப் பழைய இடுப்புக்கே திரும்பிவிட்டது. அதே கிழவர் குடையோடு வந்து பார்த்தார்: "இப்ப அந்தச் சட்டை பத்தாதே, மாத்தயா!"

வேலை நிரந்தரமாகிக் குவாட்டர்ஸும் கிடைத்தது; என் மனைவி அதில் இருபது வருஷம் இருந்தாள். நானாவும் இல்லை, கொப்பிகளும் இல்லை. பதினேழு மட்டும் நிற்கிறது, நம்பர்த் தகரத்தில் பாதியைப் பட்டைக்குள் விழுங்கிக்கொண்டு.