கரும்பலகையில் எழுதிய பொருள்

'கரேஜ்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு 'பயமின்மை' என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாத்தியார் நான். இன்று காலை பேரனின் அகராதியைப் புரட்டினேன். இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம் அது. என் கை தானாகக் காதுக்குப் போனது.

அப்போது எனக்கு ஆறு வயது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஏரி நிரம்பி வழிந்ததில், எங்கள் சேரியிலிருந்து உத்திரமேரூருக்குப் போகும் வயல்வரப்பு மூழ்கிவிட்டது. மிச்சமிருந்த ஒரே வழி, எங்கள் ஆட்கள் கால் வைக்கக் கூடாத பெரிய தெரு. அம்மா என்னை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அதில் நுழைந்தாள்.

கதவுகள் திறந்தன. ஒருவர் தடியோடு குறுக்கே வந்தார்.

"இன்னா தெகிரியம்டி உனக்கு? திரும்பிப் போ!"

"கொயந்தைக்கு ஜொரம், ஆண்டே. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு கீறேன். அடிக்கிறதுன்னா திரும்பி வரும்போது அடிங்க."

அம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை. ஆனால் என் காது அவள் நெஞ்சில் பதிந்திருந்தது. உள்ளே உலக்கை போட்டு இடிப்பதுபோல் இடித்தது. அம்மாவுக்கும் ஜுரம் வந்துவிட்டது, இரண்டு பேரும் சாகப்போகிறோம் என்று நினைத்து அவள் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தடி விலகவில்லை. அம்மாதான் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். தெரு முடியும்வரை அந்த இடி நிற்கவில்லை.

அகராதியை மூடிவைத்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.