மறியலுக்கு ஆள் கம்மி

டவுன் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார் அந்த நெட்டை மனிதர். பிடித்த இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டு, கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி மில் வரைக்கும் கம்பியில் தொங்குவார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது ஒருநாள், வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் முன் எங்கள் பஸ் நின்றுவிட்டது. மரத்துக்கு அப்பால் எதிர் பஸ். எனக்கோ வேலையில் சேரக் கடைசி நாள்.

அவர் மரத்தின்மேல் ஏறினார்.

"இன்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க? நீங்க எங்க பஸ்ல ஏறுங்க, நாங்க உங்க பஸ்ல ஏறுறோம். வண்டிங்க திரும்பிக்கட்டும்!"

"வூட்டுக்காரரையும் மாத்திக்கலாமா?" என்றாள் எதிர் பஸ்காரி ஒருத்தி. மறியல்காரர்களே சிரித்துவிட்டு, கைகொடுத்து எங்களை மரம் தாண்டவிட்டார்கள்.

அவர் மட்டும் எதிர் பஸ்ஸில் ஏறவில்லை.

"வரலீங்களா?" என்றேன்.

"நீங்க போங்க சார். இங்க மறியலுக்கு ஆளு கம்மியா இருக்குது."

மறிக்க உட்கார்ந்தவர் எங்களை ஏன் அனுப்பினாரோ! வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போடும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.