தனித் தட்டு

B.E. மெக்கானிக்கல் முடித்தவன் துபாய்ப் பக்கம் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், ‘சப்ளை செயின்’ என்று சொல்லும்படி வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். சப்ளை என்றால் வெங்காயம். கேட்டரிங் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஆள் குறைந்தால் பரிமாறுவதும் நான்தான்.

ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கும் இடத்தில் எங்கள் கேம்ப். முன்பு கட்டடத் தொழிலாளிகள் தங்கிய கேபின்கள். இப்போது பக்கத்து நாடொன்றின் உள்நாட்டுப் போரில் அடிபட்ட சிப்பாய்கள். இங்கே வைத்துத் தேற்றி, துப்பாக்கி பிடிக்க முடிந்ததும் திருப்பி அனுப்புவார்கள். எந்த நாடு, எந்தப் பக்கம் என்று வெளியே வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். சோற்றுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த போரெல்லாம் தியேட்டரில் பார்த்தது. இவர்கள் சாக்ஸ் துவைத்தார்கள். காலையில் ஊன்றுகோலோடு வரிசையில் நின்று ஆள் கணக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை கொட்டிய டீ, டொமினோ, கட்டு மாற்றுவது, மறுபடி சாக்ஸ். இதுதான் ஒரு நாள். அதே டொமினோவுக்கு அடித்துக்கொள்வார்கள், அதே நாளில் சமாதானமும் ஆவார்கள். கட்டில் இருந்தாலும் தரையில்தான் படுத்தார்கள். மதியத் தூக்கத்தில்கூட ஒருவன் சுவரில் சாய்ந்து கதவைப் பார்த்தபடி முழித்திருப்பான். ஏசி ரூமில், கேட்டில் செக்யூரிட்டி நிற்கும்போது, இதெல்லாம் ஓவர் என்று எனக்குத் தோன்றும்.

சாப்பாடும் அப்படித்தான். ஐந்து பேருக்கு ஒரு பெரிய தாம்பாளம். சோறு மலை மாதிரி, மேலே கோழி, சுற்றி ஐந்து கை. ஒருவன் யாரோடு சாப்பிடுகிறானோ அவர்கள் பக்கத்தில்தான் படுப்பான். அவன் தூங்கினால் அதே தாம்பாளத்துக்காரன் ஒருவன் காவலுக்கு முழித்திருப்பான்.

எங்கள் குக் தென்காசிப் பக்கத்து அண்ணன். சமையலில் புலி, எச்சில் விஷயத்தில் பைத்தியம். அவர் டம்ளரைத் தொட்டால் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது. ஐந்து கை ஒரே சோற்றில் விழுவதைப் பார்க்கவே மாட்டார், முதுகைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சிப்பாய்க்கு வலது கை முழுக்கக் கட்டு. போருக்கு முன்னால் இங்கேயே டயர் கடையில் வேலை பார்த்தவன் என்பதால் நம் கேம்ப் இந்தி வரும். இடது கையால் சாப்பிடுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் கோழியைப் பிய்த்து, சோற்றோடு உருட்டி அவன் வாயில் வைப்பான்.

“கண்டவன் எச்சிக் கையால ஊட்டுதான் பாரு, பாவம்லே அந்தப் பய,” என்றார் அண்ணன்.

“அண்ணே, அவனே சிரிச்சிக்கிட்டுத்தான் திங்கிறான். உங்களுக்கு எங்க எரியுது?”

“நீ மூட்டையப் பாருலே இஞ்சினியரு.”

அந்த வாரம் கேம்ப் ஆபீசர்கள் அந்தக் கட்டுக் கைக்காரன் இருந்த கேபினைச் சோதனை போட்டு, ஏசி டக்டில் ஒளித்து வைத்திருந்த ஒரு போனை எடுத்தார்கள். கேம்பில் போன் தடை. அந்த ரூமில் இருந்த எல்லாரும் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தது அந்த ஒரே போனில்தான். யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறான் என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு.

மறுநாள் மதியம், இது எதுவும் தெரியாத அண்ணன் ஒரு நல்ல பீங்கான் தட்டில் தனியாகச் சோறு போட்டு, பெரிய லெக் பீஸ் வைத்து, ஸ்பூனும் செருகி, தானே கொண்டுபோய் அந்தக் கட்டுக் கைக்காரன் முன்னால் வைத்தார். நம் ஊர்க் கணக்கில் அது மரியாதை. விருந்தாளிக்குத் தனி இலை.

ஊட்டிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மற்ற மூவரும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போனார்கள். ஒருத்தன்கூடத் திட்டவில்லை. அண்ணன் மட்டும் சந்தோஷமாக, “தின்னுப்பா, தின்னு” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவனே ஸ்டோர் வாசலுக்கு வந்தான்.

“பாய், வோ பிளேட் மாஃபி. ப்ளீஸ்.” மாஃபி என்றால் அரபியில் இல்லை, வேண்டாம்.

பிறகு பாதி இந்தியில், பாதி கையசைவில் சொன்னான். போனைக் காட்டிக் கொடுத்தவனுக்கு ஆபீஸ் கொடுத்த பரிசு அந்தத் தட்டு என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். இனி தாம்பாளத்தில் இடமில்லை, ரூமில் அவன் பாயை வாசல் பக்கம் தள்ளிவிட்டார்கள். அடுத்த செக்கப்பில் கட்டைப் பிரித்துவிடுவார்கள், அப்புறம் இவர்களோடுதான் திரும்பிப் போக வேண்டும்.

“உதர் மை சோயேகா, கோன் தேகேகா?” என்று கேட்டான். அங்கே நான் தூங்கினால் யார் பார்த்துக்கொள்வது?

நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “ஒரு தட்டுக்காகவாலே?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மதியம் மெஸ் நடுவில் போய் நின்றார். அவருக்குத் தெரிந்த அரபி மொத்தமே பத்து வார்த்தை. “அனா! பிளேட், அனா! ஆபீஸ் மாஃபி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார், தட்டு வைத்தது நான்தான், ஆபீஸ் இல்லை என்று. அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். “மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்” என்றார்கள், பிரச்சினையே இல்லை என்று. ஒருவன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். ஆனால் ஒருத்தனும் நகர்ந்து இடம் விடவில்லை.

அண்ணன் உள்ளே போய் ஒரு முழுத் தாம்பாளத்தைத் தூக்கி வந்தார். கட்டுக் கைக்காரன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோழியைப் பிய்த்தார், சோற்றை உருட்டினார், அவன் வாயில் வைத்தார். அதே கையால் அதே சோற்றை எடுத்துத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார். முழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் நக்கல் அடிக்க வாயெடுத்து, பேசாமல் போய் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தேன். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. அவன் கிளம்பும்வரை தினமும் அப்படித்தான் உட்கார்ந்தோம். அந்த இரண்டு இடத்துக்கு யாரும் வரவில்லை.

செக்கப்பில் டாக்டர் அவன் விரல்களை மடக்கச் சொன்னார். மடங்கின. ஃபிட்.

பஸ் காலையில் வந்தது. இரண்டு இரண்டு பேராக ஏறினார்கள். அவன் கடைசியில் தனியாக ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தான். கட்டில்லாத கையைத் தூக்கி எங்களுக்கு அசைத்தான். அண்ணன் அசைக்கவில்லை. பஸ் கேட்டைத் தாண்டும்வரை பின் சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது எழுந்து முன்னால் போகிறானா என்று.

“எவனாச்சும் பக்கத்துல போயி உக்காந்தானாலே?”

“கண்ணாடியில வெயில் அடிக்குதுண்ணே. தெரியல.”

தெரிந்தது.