கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால்

சாப்பாட்டு மேசையைக் கப்பல் கட்டும் தளம் விழுங்கிய பிறகு, அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். முதலில் அவள் கேட்டது மேசையில் ஒரு ஓரம் மட்டும். அவர் தையல்காரர். ஓரம் என்றால் எவ்வளவு என்று வாழ்நாளெல்லாம் அளந்தவர். அவரே ஏமாந்துபோனார்.

அவளை எல்லோரும் கிரேன் அக்கா என்பார்கள். கடற்படைக்குக் கப்பல் கட்டும் தளத்தில் பெரிய கிரேனை ஓட்டி ஓய்வு பெற்றவள். சேர்ந்தபோது கீழே நின்று கொக்கியில் சங்கிலி மாட்டும் வேலைதான். மேலே ஓர் இடம் காலியானதும், எனக்குக் கொடுங்கள் என்று போய் நின்றாள். மேஸ்திரி பல்லைக் காட்டினார்.

"ஏறிடுவே. இறங்கும்போதுதான் அழுவே."

ஏறினாள். சாப்பாட்டுச் சங்கு ஊதியது, இறங்கவில்லை. மேஸ்திரி கீழே நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டார். "வேலை எனக்குத்தான்னு சொல்லுங்க, இறங்கறேன்" என்று மேலிருந்து பதில் வந்தது. அன்றைக்கு அழுதது யார் என்பதில் இன்றுவரை தளத்தில் இரண்டு கட்சி உண்டு.

ஓய்வு பெற்ற மறுமாதம், அந்தத் தளம் முழுவதையும் இருநூறில் ஒரு பங்காகச் செய்வது என்று உட்கார்ந்தாள். அந்த அளவில் ஓர் ஆள் ஒரு நெல்மணி. வேறு யாராவது என்றால் கிரேனில் தொடங்கியிருப்பார்கள், இல்லை கப்பலில். அவள் முதலில் செய்தது ஒரு மறைப்பு. மூன்று பக்கம் பலகை, நாலாவது பக்கம் சாக்குப் படுதா, மேலே ஒரு தகரம். எல்லாம் சேர்ந்து சுண்டுவிரல் நகம் அளவு. வெறும் மேசையில் அதை ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"என்னது, பல்குச்சி டப்பாவா?" என்றார் தையல்காரர்.

"எங்க கக்கூஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "கப்பலுக்கு முன்னாடி இதுவா?"

"இது இல்லேன்னா நான் கப்பலே கட்டியிருக்க முடியாதுங்க."

அதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த நாளில் தளத்தில் இருந்த பெண்கள் ஒரு குடைக்குள் நிற்கிற கூட்டம். கப்பல் நிற்கும் துறைப் பக்கம் இருந்த கழிப்பறைகள் எல்லாம் ஆண்களுடையவை. பெண்களுக்கானது அலுவலகக் கட்டடத்தில், தளத்தின் மறுகோடியில். கிரேனிலிருந்து இறங்கி, போய், வந்து, மறுபடி ஏறுவதற்குள் தொங்கும் இரும்பைப் பார்த்தபடி ஒரு பட்டாளமே வாய் பிளந்து நிற்கும். பிறகு அந்த வாய்கள் பேசும். அதனால் அவள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டாள். உடம்பு அதை மன்னிக்கவில்லை. எரிச்சலும் குளிர்காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

திரும்பி வந்தவள், வெல்டிங் பார்த்த ஒருத்தியையும் பெயிண்ட் அடித்த ஒருத்தியையும் சேர்த்துக்கொண்டாள். இன்ஜின் வந்த மரப்பெட்டிகளை மூவரும் உடைத்தார்கள். கயிற்றுக் கிடங்குக்குப் பின்னால், கழிவுநீர்க் குழாயின் மேல், அந்த மறைப்பை எழுப்பினார்கள். யாரிடமும் கேட்கவில்லை. காவலாளிகள் பிடுங்கிப் போட்டார்கள், மறுபடி எழுப்பினார்கள். பிடுங்குவதும் எழுப்புவதுமாக மாதங்கள் போய், நிர்வாகத்துக்கே அலுத்து, கடைசியில் அதே இடத்தில் டைல்ஸ் பதித்து ஒன்று கட்டிக் கொடுத்தது. வாசலில் கல்வெட்டும் பதித்தது. அந்தக் கல்லில் நிர்வாகத்தின் பெருந்தன்மை இருந்தது. பெட்டிப் பலகை இல்லை.

அதைத்தான் அவள் முதலில் செய்து வைத்தாள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளர்ந்தது.

கணவரின் தையல் பெட்டி மெல்ல மெல்லக் காலியானது. பாபின்கள் கம்பிவடம் சுற்றிய உருளைகளாயின. பொத்தான்துளை நூல், கடிகார முள் சுற்றும் திசையில் சுருட்டி அடுக்கிய நங்கூரக் கயிறாயிற்று. மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளைச் சீப்பின் பல்மேல் வைத்து நகத்தால் அழுத்தினால் நெளிதகரக் கூரை. கப்பலின் அடிவயிற்றைத் தாங்கும் கட்டைகளைத் தீக்குச்சிகளில் நறுக்கினாள். துருவுக்கு மட்டும் அவள் பெயிண்டைத் தொடவில்லை. பழைய கதவுக் கீலைச் சுரண்டி, நிஜத் துருவையே பசையில் தூவினாள். துரு மாதிரி இருப்பது அவளுக்குப் போதவில்லை.

நாத்தனார் வரும்போதெல்லாம் மேசையைப் பார்த்து மோவாயில் கை வைப்பாள். "அண்ணி, இந்த வயசுல சொப்பு வச்சு விளையாடறீங்களே!"

"வா, வா. தளத்துக்கு இன்னும் சங்கு செய்யலை. உன் வாயை ஒரு தடவை அளவெடுத்துக்கறேன்."

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வார். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவே அவருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு அது. ஆனால் உருப்படியான யோசனை ஒன்று அவருடையதுதான்: இது என்றைக்காவது வாசல் வழியாக வெளியே போக வேண்டாமா? அதனால் தளத்தை ஒன்பது பலகைகளாகச் செய்து, அடியில் திருகாணி போட்டு இணைத்தாள். கப்பல் இரண்டு பலகைகளில் படுத்திருந்தது. உடம்பு ஒன்றில், மூக்கு இன்னொன்றில். மூக்கிருந்த பலகையில்தான் கயிற்றுக் கிடங்கும், அதன் பின்னால் மறைப்பும்.

தளத்தில் புதிதாகப் பார்வையாளர் கூடம் கட்டினார்கள். அக்காவின் மாதிரியைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைக் கூடத்தில் வைக்கக் கேட்பதற்காக மக்கள் தொடர்பு அதிகாரி வீடு தேடி வந்தார். சின்ன வயது, நல்ல வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருந்ததால் டை சார். மாதிரியைப் பார்த்ததும் மனிதர் அதிகாரி என்பதையே மறந்து தரையில் மண்டியிட்டார். ஒவ்வொரு கட்டடமாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தப் பண்டகசாலைக்குள்ள எப்படிப் போறது?"

அவளும் குனிந்தாள். பண்டகசாலைக்கு வாசல் இல்லை. பட்டறைக்கும் இல்லை. எந்தக் கட்டடத்துக்குமே இல்லை. கூரைகள் மட்டும் அச்சு அசல்: புறா எச்சம், யாரோ வீசிய ஒற்றைக் கையுறை, எப்போதோ போய்ச் சிக்கிய பந்து, தேங்கிய மழைநீருக்கு வார்னிஷ் சொட்டு. அத்தனை வருடம் மேலேயிருந்தே பார்த்த கண். வாசல் என்று ஒன்று உண்டு என்பதே அதற்குத் தோன்றவில்லை.

"அட, எனக்கு எல்லாரும் கூரைக்குள்ள போய் மறைவாங்க, கூரையிலேருந்து முளைப்பாங்க தம்பி" என்று வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த மாதம் முழுக்க பிளேடும் கையுமாக வாசல் வெட்டினாள்.

கூடம் திறக்கும் நாள் காலையில் ஒன்பது பலகைகளும் வந்து சேர்ந்தன. நுழைந்ததும் கண்ணில் படும் இடம், சுற்றிலும் விளக்கு, மேலே மூடக் கண்ணாடி தயார். அக்கா புதுப் புடவையில் வந்திருந்தாள். திருகாணிகளை முடுக்கி எழுந்தவள் மேசையை ஒருமுறை சுற்றி வந்தாள். வீட்டு மேசையில் இருந்தவரை அது வேலை. இங்கே அது ஓர் இடம். இதை எல்லோரும் பார்க்கப்போகிறார்கள் என்பதில் அவளுக்கு இருந்த ஆசை சின்னதில்லை.

வாசல்களைச் சரிபார்க்க டை சார் மண்டியிட்டார். வாசல் இல்லாததைக் கண்டுபிடித்த அதே கூர்மையான கண், வீட்டில் சுவரோரமாக இருந்து மறைந்திருந்த கயிற்றுக் கிடங்கின் பின்பக்கம் போயிற்று.

"இது... இந்தப் பலகை மறைப்பு வரைபடத்துல இல்லையே?"

"இருக்காது. நாங்க கட்டினது." அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் முகம் சங்கடப்பட்டது. "அக்கா, கடற்படையிலேருந்து பெரியவங்க வர்றாங்க. நுழைஞ்சதும் முதல்ல அந்த... அந்த அமைப்பா? எடுத்துட்டு ஒரு மரம் வச்சுடலாமே. உங்க பேரைப் பித்தளையில பெருசா போடச் சொல்றேன்."

"அங்க மரம் இருந்ததில்லை தம்பி. மரம் இருந்திருந்தா அதுக்குப் பின்னாடியாவது போயிருப்போம்."

"சின்னதுதானே அக்கா. நகத்தளவு."

"சின்னதுன்னா இருந்துட்டுப் போகட்டும்."

"எனக்கும் மேல ஆள் இருக்காங்க. அது இருந்தா இது இங்க இருக்காது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு, கருவிப் பெட்டியிலிருந்த இடுக்கியை எடுத்துக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்து, குழந்தை கையை அடுப்பிலிருந்து விலக்குவதுபோல விலக்கினாள். ஒரு நிமிடம் தளத்தைப் பார்த்தாள். ஐந்து வருட வேலை. ஒரு மரத்தை ஒட்டினால் ஊரே வந்து பார்க்கும். கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும். தையல்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்புளியை நீட்டினார்.

அவள் மேசைக்கு அடியில் புகுந்தாள். நாலு திருகாணி. மூக்கிருந்த பலகை மட்டும் தனியே கழன்று வந்தது.

"மீதி எட்டையும் வச்சுக்கோங்க தம்பி. இது என்னோட வருது."

போர்க்கப்பல் அங்கே மூக்கில்லாமல் நின்றது. வெட்டிய இடத்தில் உள்ளே அட்டையும் பசையும் தெரிந்தன. அதற்கு முன்னால் மேசையின் வெற்றுப்பரப்பு, பல் விழுந்த வாய்போல. அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கூடத்தின் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் தையல்காரர், பக்கத்தில் உட்கார்ந்தபடி.

"எதுக்கு? இது நான் வேலை பார்த்த இடம். உட்கார எனக்கு உரிமை இருக்கு."

"இது வேணாம்னே அவங்க சொல்லிட்டா?"

"மடியில வச்சுக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவேன்."

"புதுப் புடவைல துரு ஒட்டும்."

"ஒட்டட்டும். நிஜத் துருதானே."

உள்ளே டை சார் அங்குமிங்கும் ஓடுவது கண்ணாடி வழியே தெரிந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் பூந்தொட்டி ஒன்றை வைத்துப் பார்த்தார். கப்பல் பூந்தொட்டியில் மோதியதுபோல் இருந்தது. எடுத்தார். துணி போட்டு மூடினார், பிணம்போல் இருந்தது. அதையும் எடுத்தார். போனில் யாரிடமோ குனிந்து குனிந்து பேசினார். அதற்குள் வாயிலில் கார்கள் திரும்பும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே வந்தார். டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

"அக்கா, மூக்கில்லாத கப்பலைக் காட்டினா என் வேலை போயிடும்."

"கக்கூஸைக் காட்டினா?"

அவர் யோசித்தார். "திட்டு விழும்."

"திட்டுதானே? நான் வாங்காத திட்டா? பழகிடும் தம்பி."

"சரி. வைங்க. ஆனா யாரும் கவனிக்காத மாதிரி..."

"அது நடக்காது. கண்ணாடியை மூடினாலும் நான் பக்கத்துலயே நிப்பேன். யார் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். சம்மதம்னா எந்திரிக்கறேன்."

அவர் கார்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து பலகையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். தையல்காரர் திருப்புளியோடு பின்னால் ஓடினார். கடைசித் திருகாணி இறுகி, கண்ணாடி மூடியபோது கூடத்துக் கதவு திறந்தது.

வெள்ளைச் சீருடைகள் வந்தன. கப்பலைப் பாராட்டின, கிரேனைப் பாராட்டின, நகர்ந்தன. கடைசியாக வந்தவர் ஒரு பெண் அதிகாரி. அவர் நகரவில்லை. கண்ணாடியைச் சுற்றிப் பின்பக்கம் வந்து, குனிந்து, விரலால் சுட்டினார்.

"இது என்ன?"

டை சார் வேகமாக முன்னால் வந்தார். "அது மேடம், ஒரு தற்காலிக..."

"எங்க கக்கூஸ்மா" என்றாள் அக்கா. "நாங்களே கட்டினது."

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அவள் இன்னும் ஓர் அடி முன்னால் வந்து நின்றாள்.