கரையில் நான் திருப்பிச் சொன்னது

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் வேலை பார்த்தபோது மற்ற விற்பனையாட்களைவிட எனக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். காரணம், எனக்கு இந்தி தெரியும். ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்துக்கொண்டிருந்த வருஷங்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தேன். "இன்னாபா, டில்லியில உனக்கு வேலை போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்று சிநேகிதர்கள் வாரினார்கள். வடக்கேயிருந்து ஆள் வந்தால் மட்டும் முதலாளி என்னைத் தேடுவார்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வந்தவர், "இது பகல் கொள்ளை" என்று இந்தியில் கத்துவார். நான் முதலாளியிடம், "சரக்கு புடிச்சிருக்குதாம், கொஞ்சம் பாத்துப் போடச் சொல்றாங்க" என்பேன். முதலாளி, "வாங்குற மூஞ்சா இது?" என்பார். நான் இந்தியில், "உங்களுக்கு இன்னும் நல்லதாக எடுத்துக் காட்டச் சொல்கிறார்" என்பேன். இரண்டு பக்கமும் சிரிக்கும், புடவையும் விற்கும். இதைப் பொய் என்று நான் நினைத்ததே இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, கடை திறந்ததும் ஜெய்ப்பூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மகள் கல்யாணத்துக்கு நாலு புடவையும் கணவருக்கு ஒரு பட்டு வேட்டியும் பேரமே பேசாமல் எடுத்தார். மெட்ராஸில் அமர்த்திய அம்பாசிடர் வாசலில் நின்றது. பழைய ஊர்களையும் கடற்கரைக் கிராமங்களையும் சாயங்காலத்துக்குள் பார்க்க வேண்டும், இந்தி தெரிந்த ஒருவர் கூட வர முடியுமா என்று கேட்டார். முதலாளி என் முதுகைத் தட்டினார்.

"போய்ட்டு வாப்பா. அவங்க மனசு கோணாம பாத்துக்கோ."

அம்மாள் தான் சமணர் என்றதால் முதலில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். விதானத்து ஓவியங்களைக் காட்டி விளக்க நான் வாயெடுப்பதற்குள் கும்பிட்டுவிட்டு வண்டிக்குப் போய்விட்டார். திருக்கழுக்குன்றத்தில் சரியாகக் கழுகு வருகிற நேரம். மலை ஏற மாட்டேன் என்றார். மகாபலிபுரத்தில் கற்கோயில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார். வண்டியில் வரும்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்த என் இந்தி வாக்கியங்கள் அத்தனையும் வீண். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பணக்காரத் திமிர் என்று மனசுக்குள் வைதேன்.

பிறகுதான் கைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். அவருடைய ஒரே மகன். இரண்டு வருஷத்துக்கு முன் காலேஜ் பையன்களோடு சுற்றுலா வந்தவன், தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு எதிரே கடலில் மூழ்கிப் போனான். அவனைக் கரைக்கு இழுத்துவந்தவர் அந்தக் குப்பத்துக்காரர் ஒருவர்தான் என்று போலீஸ் சொல்லியிருந்தது. "என் கணவர் கடலைப் பார்க்க மாட்டார். மெட்ராஸில் ஹோட்டலில் இருக்கிறார். அந்த மனிதரிடம் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு வேறெதுவும் பார்க்க வேண்டாம்" என்றார். அந்தக் குப்பத்துக்கு வண்டியை விடச் சொன்னேன்.

குப்பத்தில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். நாற்பது வயது ஆள், படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் யார் என்று சொன்னேன். எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இங்கதான் வலைய சரி பண்ணிக்கினு குந்திக்கினு இருந்தேன் தம்பி. புள்ள கையத் தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. டவுன் புள்ளைங்க எப்பவும் அப்பிடித்தான் கூச்சல் போட்டு ஆடுங்க. வெளையாடுதுன்னு நெனச்சுக் குனிஞ்சுக்கினேன். மறுபடி நிமுந்து பாக்குறேன், கையக் காணோம். அப்பாலதான் ஓடுனேன். இழுத்தாந்து போட்டப்ப உசுரு இருந்துச்சு. என் கையப் புடிச்சுக்கினு ஏதோ சொல்லுச்சு. ரெண்டு தபா சொல்லுச்சு. அவங்க பாஷை எனக்குத் தெரியல. தலைய மட்டும் ஆட்டுனேன். என் மடியிலயே போயிடுச்சு. மொதல்லயே எழுந்து ஓடியிருந்தா பொழைச்சிருக்கும். அந்தம்மாகிட்ட இத அப்பிடியே சொல்லு. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ரெண்டு வருஷமா எனக்குச் சோறு எறங்கல."

அழுதுகொண்டே சொல்லி முடித்தார். அம்மாள் என் வாயைப் பார்த்தார்.

"பார்த்ததும் குதித்துவிட்டார். அதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் மகன் வேதனைப்படவில்லை" என்றேன்.

"ஏதாவது சொன்னானா?"

"இல்லை, மாதாஜி."

எனக்கு இந்தி போதவில்லை என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். கை, மூச்சு, மடி எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல் தெரியும்.

அம்மாள் போட்டோவைக் கைப்பைக்குள் வைத்தார். "இன்னா சொல்றாங்க தம்பி?" என்று கேட்டார் குப்பத்துக்காரர்.

"உங்க மேல தப்பு இல்லன்னு சொல்றாங்க."

அவர் அப்படியே மணலில் அம்மாள் காலில் விழுந்தார். ஏன் விழுகிறார் என்று அம்மாள் பதறினார். பெரியவர்களைக் கண்டால் இங்கே அப்படித்தான் என்றேன். அம்மாள் வண்டிக்குப் போய், காலையில் வாங்கிய பட்டு வேட்டியை எடுத்துவந்து, "என் மகனுக்காகக் குதித்தவருக்கு" என்று நீட்டினார். மன்னிப்பே கைக்கு வந்த மாதிரி அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பும் வழியில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு பேர் மனசும் கோணவில்லையே.

அடுத்த மாதம் கடை விலாசத்துக்கு என் பெயரில் கடிதம் வந்தது. அம்மாள் எழுதியிருந்தார்:

"என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அந்த மனிதர் அழுதுகொண்டு அவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் மூன்று வாக்கியத்தில் சொன்னீர்களாமே, மீதி என்ன என்று கேட்கிறார். எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் எழுதுங்கள். அவன் யாருமில்லாமல் தனியாகப் போனான் என்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. ஒரு கையாவது அவனைத் தொட்டுக்கொண்டு இருந்ததா?"

பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்திருக்கிறேன். இருந்தது என்று எழுதினால் மற்றதையும் எழுத வேண்டும். எழுதினால் குப்பத்து மனிதருக்கு நான் கொடுத்த மன்னிப்பு பொய்யாகிவிடும். இப்படி நியாயம் பேசியே நாள் போனது. உண்மையில் நான் பயந்தேன். எழுதவே இல்லை.

கடிதம் வந்த அன்று அதைப் படித்து மடித்தபோது முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாபா எழுதிக்கிறாங்க?"

"புடவைங்க எல்லாம் ரொம்ப நல்லா இருக்குதாம் முதலாளி" என்றேன்.