இரண்டு முறை அழைக்கவும்

பெரம்பலூரும் அரியலூரும் பிரிந்து, சேர்ந்து, மறுபடியும் பிரிந்த காலத்தில், இரண்டு ஊரிலும் சுதந்திர தின விழாவுக்குப் பந்தல் போடும் பொறுப்பு என் தலையில் இருந்தது. வருவாய்த் துறைக்காரனுக்குச் சுதந்திரம் என்பது முதலில் நாற்காலி. சோபா யாருக்கு, அதன் மேல் வெள்ளைத் துண்டு யாருக்கு என்பது தீர்ந்த பிறகுதான் நாடு. பறக்கவிட்ட புறா பறக்காமல் ஆட்சியரின் காலடியிலேயே உலாத்திய ஆண்டும் உண்டு. அதற்கும் ஒரு நடைமுறை வைத்திருந்தேன்: மாற்றுப் புறா.

விழாவில் என் அண்ணி இரண்டாவது வரிசையில் உட்காருவார். போரில் கணவரை இழந்தவர்களுக்குச் சால்வை போர்த்தும் நேரத்தில் ஒலிபெருக்கி அவரையும் அழைக்கும். அவர் எழமாட்டார். இரண்டாவது முறை அழைத்த பிறகு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்களோ என்பது போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுவார். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டு, அறிவிப்பாளருக்கான குறிப்பில் ‘இரண்டு முறை அழைக்கவும்’ என்று எழுதி வைத்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குறிப்பு ஓய்வு பெறவில்லை.

எழுபத்தொன்றில், கிழக்கே நடந்த போரில் அண்ணன் இறந்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அப்போதெல்லாம் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை; அங்கேயே எரித்துவிடுவார்கள். எங்களுக்குத் தந்தி வந்தது. பிறகு அண்ணனின் சாமான்கள் என்று ஒரு தகரப்பெட்டி வந்தது. அதற்குள் இருந்த ஸ்வெட்டரை அண்ணி முகர்ந்து பார்த்து, “இது அவரு வாசன இல்ல” என்றார். அதை மடித்துப் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

போன ஆகஸ்டில், விழாவுக்குச் சில நாள் முன், பனிச்சரிவில் இறந்த ஓர் இளம் ராணுவ வீரரின் உடல் ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊருக்கு வந்தது. செய்தியைப் பார்த்த அண்ணி, “தம்பி, என்னைய அங்க கூட்டிட்டுப் போ” என்றார்.

“நமக்கு அவங்க யாருன்னே தெரியாதே அண்ணி.”

“எரிக்கிறப்ப ஊதுவாங்கல்ல? பட்டாளத்துக் குழலு. அத ஒரு தடவ கேக்கணும். உங்கண்ணனுக்கு ஊதினாங்களான்னுகூட எனக்குத் தெரியாது.”

வெயிலில் எப்படி நிற்பீர்கள் என்று கேட்டேன். “நீ போட்ட பந்தல்லயே உக்காந்து பழகினவ. அதுல மட்டும் நெழலு இருந்துச்சா?” என்றார்.

ஆலைத் தூசு படிந்து, அந்த ஊரில் வேப்பிலைகூட சிமெண்டு நிறத்தில் இருந்தது. கொடி போர்த்திய பெட்டி தெருமுனையைத் தாண்டியதும், வழக்கப்படி பெண்கள் நின்றார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. இறந்தவரின் மனைவியும் இரண்டு பெண்களின் தோளில் சாய்ந்து அங்கேயே நின்றாள். குழல் ஊதுவது, குண்டு முழக்குவது எல்லாம் சுடுகாட்டில்தான். அண்ணி மட்டும் நிற்காமல் நடந்தார்.

“அம்மா, பொம்பளைங்க இதோட நின்னுக்கணும்,” என்று ஓர் உள்ளூர்ப் பெரியவர் குறுக்கே வந்தார். “எந்த ஊரு நீங்க? சொந்தமா?”

“சொந்தமில்லீங்க. எங்க வூட்டுக்காரரும் பட்டாளத்துலதான் போனாரு. அவரு சாவுக்கு நான் இன்னும் போகலீங்க.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொன்னேன்: “ஐயா, எரிக்கிறதுக்கு முன்னாடி கொடிய மடிச்சு மனைவி கையில குடுக்கணும். அதுதான் நடைமுறை. அந்தப் பொண்ணும் அங்க இருக்கணும்.”

“வழக்கம்னு ஒண்ணு இருக்கே சார்.”

“வழக்கத்துக்கு ஆர்டர் இருந்தா காட்டுங்க.”

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அதற்குள் அண்ணி திரும்பிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தார். “வா தாயி. பாத்துரணும். பாக்காம வுட்டா, வந்து எறங்குவாருன்னு பொழுதுக்கும் பஸ் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.”

அவர்கள் இருவரும் நடக்க, வழி விட்டார்கள். தெருமுனையில் நின்றிருந்த பெண்களில் சிலரும் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள்.

குண்டுச் சத்தத்தில் காக்கைகள் எழுந்தன. பிறகு குழல். வீரர் நினைவு நாள் ஒத்திகைகளில் ஆயிரம் முறை கேட்ட அந்த ராகத்தில் சுருதி சரியா என்று பார்த்திருக்கிறேனே தவிர, அது யாரை அனுப்பிவைக்கிறது என்று கேட்டதில்லை. அண்ணி கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்து, தூரத்தில் பேசுகிறவரைக் கேட்பது போலக் கேட்டார். முடிந்ததும், “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான் அண்ணி” என்றேன். திரும்பும் வழியில் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினார்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. வண்டிகளிலெல்லாம் பிளாஸ்டிக் கொடி. மறுநாள் அவை சாக்கடையில் கிடக்கும் என்பதும் நடைமுறைதான். மாணவிகள் ஆடினார்கள். புறாக்கள் ஒழுங்காகப் பறந்தன. ஒலிபெருக்கி அண்ணியை அழைத்தது. முதல் அழைப்பு முடிவதற்குள் அவர் எழுந்துவிட்டார். அறிவிப்பாளர் குறிப்பைப் பார்த்து இரண்டாவது முறையும் அழைத்தபோது, அவர் பாதி வழி போயிருந்தார்.

அணிவகுப்பு தொடங்கியது. அண்ணன் நடக்கும்போது இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். இப்போது இருந்தால் அவருக்குத் தடி வேண்டியிருக்கும். சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி பக்கத்துப் பெண்ணோடு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் போல, கடைசி வரிசை கடந்து போகும்வரை நான் அணிவகுத்தவர்களின் இடது தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.