பெகோனியாவுக்கு ஒரு லைட் மீட்டர்

எங்கள் ஏசுதாசன் அத்தானிடம் விளையாட்டுக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். 1969-ல் என் அக்கா ரத்தினபாய் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

சிட்லபாக்கம் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் காலைத் தரையில் வைக்கவில்லை. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று பயம். சமைத்துப்போட வந்திருந்த நான் கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஒருநாள் ஜன்னலில் நோஞ்சானாக நின்ற பெகோனியாத் தொட்டியைக் காட்டி, "அது இந்த ரூம்லயே பூக்கட்டும், நான் நடக்கிறேன்" என்றாள். பூக்காது என்ற தைரியம்தான்.

மறுநாளே அத்தான் ஆபீஸிலிருந்து ஒரு லைப்ரரி புத்தகத்தோடு வந்தார். வீட்டுக்குள் வைக்கும் செடிக்கு வெளிச்சம் போதுமா என்று போட்டோக்காரர்களின் லைட் மீட்டரால் அளக்கலாமாம். செடிக்குத் தண்ணீர் ஊற்றவே மறந்துபோகிற மனுஷனுக்கு மீட்டர் ஒன்றுதான் குறைச்சல்!

தாம்பரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹிதாயத்துல்லாவிடம் பழைய மீட்டர்கள் இரண்டு இருந்தன. நானும் கூடப் போனேன்.

"இது மங்கல்லயும் காட்டும் சார். ஆனா உள்ள கீற செல்லு தீந்துச்சுன்னா பேஜாரு, இங்க கெடைக்காது. அதுக்கு செல்லே வேணாம், வெளிச்சம் பட்டா முள்ளு ஓடும். இருட்டுல மட்டும் அசையாது. ரெண்டையும் எடுத்துகினு போய் வூட்ல பாருங்க" என்றார் அவர்.

அக்காவின் அறையில் செல் போட்ட மீட்டர் ஏதோ கொஞ்சம் காட்டியது. வராந்தாவில் துள்ளிய மற்றது, அறைக்குள் வந்ததும் படுத்துக்கொண்டது.

"இதையே வாங்கிக்கிறேன்" என்றார் அத்தான்.

"ஓடாததையா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் இருக்குன்னு சமாதானம் சொல்ற மீட்டர் எனக்கு எதுக்கு? இந்த முள்ளு அசையணும். அப்பத்தான் அது பூக்கும்."

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பது எங்கள் வழக்கம். படுத்திருப்பவளுக்குச் சுண்ணாம்பு நெடி ஆகாது என்று அந்த வருஷம் வேண்டாமென்று விட்டிருந்தோம். மீட்டரும் கையுமாக அலைந்த அத்தான், ஜன்னலுக்கு எதிரே பாசி பிடித்துக் கறுத்து, வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டிருந்த மதிலை அப்போதுதான் கவனித்தார். மழை விட்ட ஒரு சனிக்கிழமை அக்காவின் கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதிலுக்கும் அறைக்கும் தானே வெள்ளையடித்தார். மூக்கு நுனிவரை சுண்ணாம்பு.

காய்ந்ததும் ஜன்னலருகே மீட்டரை நீட்டினார். முள் அசைந்தது. "அல்லேலூயா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஞானாம்பாள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இளஞ்சிவப்பாக ஒரு பூ விரிந்தது. அத்தான், டாக்டர் கொடுத்த கைத்தடியைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார்.

அக்கா பூவைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள். "இத்தனூண்டு பூவெல்லாம் கணக்குல சேராது" என்று சொல்லிக்கொண்டே காலைக் கீழே இறக்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒரு கையில் தடி, மறு கையில் அத்தானின் தோள். தட்டுத்தடுமாறி ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்ததும் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"மீட்டர் வாங்கினா ஆச்சா? மண்ணு காஞ்சு கிடக்கு. தண்ணி யார் ஊத்துவா?" என்று அத்தானை ஒரு அதட்டு அதட்டினாள். நான் செம்பை நீட்டினேன். அவளே ஊற்றினாள்.